பனியனுக்கும் தேமல் வருமா?

சிங்காநல்லூரில் டாக்டர் சென்னகேசவனின் தோல் கிளினிக்குக்குப் போனில் வரும் படங்களை முதலில் பார்ப்பவர் தாஜுன்னிசா. பதினெட்டு வருடம் மருந்து கட்டிய கை. கொரோனாவுக்குப் பிறகு அந்தக் கையில் ஒரு போனையும் கொடுத்துவிட்டார்கள். காங்கேயம், ஈரோடு என்று எங்கெங்கிருந்தோ முதுகும் முழங்காலும் அக்குளும் வாட்ஸ்அப்பில் வந்து விழும். தெளிவாக இருப்பதை டாக்டருக்குத் தள்ளுவார். மங்கலாக இருந்தால் அனுப்பியவருக்கு அர்ச்சனைதான்.

"லைட்டுப் போடாதீங்க, சன்னல் பக்கம் வாங்க. பக்கத்துல ஒரு சட்டைப் பொத்தான் வைங்க, அப்பத்தான அளவு தெரியும்!"

சொன்னால் யார் கேட்கிறார்கள்? படம் எடுப்பது என்றாலே தலை சீவிக்கொண்டு வந்து நிற்கிற ஜனம். முதுகில் இருக்கும் படையை எடுத்து அனுப்பச் சொன்னால், கழுத்தைத் திருப்பிச் சிரித்தபடி அனுப்பிய பெண்மணியும் உண்டு. தாஜுன்னிசாவுக்குக் கோபம் மூக்கு நுனியில். ஆனால் திட்டு வாங்கிய ஆளை மறுநாள் கூப்பிட்டு, "அரிப்பு கொறஞ்சுதுங்களா?" என்று கேட்காவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது.

அப்பேர்ப்பட்டவர் அரங்கசாமி விஷயத்தில் கோட்டை விட்டார்.

அரங்கசாமி காங்கேயத்தில் ஓர் எண்ணெய் மில்லில் கொப்பரை உலர்த்துகிறவர். வயது ஐம்பத்தைந்து. மகள் மோகனப்பிரியா அனுப்பிய படத்தில், முழங்கைக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்கு வெளுத்த திட்டு, மேலே மாவு தூவியதுபோல் நுண்ணிய செதில். டாக்டர் தேமல் என்று களிம்பு எழுதினார். அரிக்கிறதா, எத்தனை நாளாக, தொட்டால் தெரிகிறதா என்று மூன்று கேள்வி கேட்டுவிட்டுத்தான் தாஜுன்னிசா சீட்டை அனுப்புவது வழக்கம். அன்று கூட்டம் அதிகம். கேட்காமலே அனுப்பிவிட்டார்.

ஒரு மாதம் கழித்து இரண்டாவது படம் வந்தது. திட்டு அப்படியே இருந்தது. கையை மடித்து நெஞ்சோடு வைத்து எடுத்த படம். பெரிதாக்கிப் பார்த்தால், அதே மாவு பனியனிலும் ஒட்டியிருந்தது. உடனே மகளைப் போனில் பிடித்தார்.

"ஏனம்மணி, பனியனுக்கும் தேமல் வருமா?"

"அது பவுடருங்க," என்றாள் மோகனப்பிரியா. "டாக்டருக்குப் போற படம், வேர்வையும் எண்ணெயுமா எப்படிங்க காட்டறதுன்னு அப்பா குளிச்சுப்போட்டு பவுடர் போட்டுக்கிட்டாருங்க. மொதப் படத்துக்கும் அப்படித்தானுங்க."

மரியாதை! இந்த ஊர்க்காரர்களின் மரியாதைக்கு அளவே இல்லை. சிரித்துக்கொண்டேதான் கழுவிவிட்டு எடுக்கச் சொன்னார். மூன்றாவது படத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. தேமல் என்று நினைக்கவைத்த செதிலே இல்லை. முடி உதிர்ந்து, வறண்டு, வெறும் வெளுப்பு. படத்தின் மூலையில், சுண்டுவிரலில் ஒரு கொப்புளம்.

வீடியோவில் கூப்பிட்டார். "அண்ணா, விரல்ல என்னங்க?"

"அடுப்புல சுட்டிருக்குமாட்ட இருக்குதுங்க. கவனிக்கலீங்க," என்றார் அரங்கசாமி.

தாஜுன்னிசா அவரைக் கண்ணை மூடச் சொல்லி, மகளைப் பஞ்சால் அந்தத் திட்டைத் தொடச் சொன்னார். மோகனப்பிரியா மூன்று முறை தொட்டாள். அரங்கசாமி பொறுமையாகக் காத்திருந்தார்.

"எப்பங்க தொடுவீங்க?" என்றார்.

விஷயத்தைக் கேட்ட டாக்டர் தன்னையே நொந்துகொண்டார். "தொழுநோயா இருக்குமோன்னு சந்தேகம் தாஜக்கா. போன்ல முடிவு பண்ண முடியாது, நரம்பத் தொட்டுப் பாக்கணும். தள்ளிப்போட்டா விரல் மடங்கிப் போயிரும். உடனே வரச் சொல்லுங்க."

தாஜுன்னிசா சொன்னார். நோயின் பேரைக் கேட்டதிலிருந்து அந்த வீட்டில் யாரும் போனை எடுக்கவில்லை. பத்து நாள் ஆயிற்று. ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் ஒரு மாதம் வீணாகியிருக்காது என்று மனம் அறுத்தது. "டாக்டரே தேமல்னுதான சொன்னாரு," என்றார் கணவர் நசுருதீன். அதில் ஆறுதல் ஒன்றும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை காங்கேயம் பஸ்ஸில் ஏறிவிட்டார்.

மோகனப்பிரியா வாசலிலேயே அழுதாள். அப்பா வீட்டுக்குள் வருவதில்லையாம். மில் களத்து ஓரம் தகரக் கொட்டகையில் தனித் தட்டு, தனிப் பாய். சோற்றைத் தூரத்தில் வைத்துவிட்டுப் போகச் சொல்கிறாராம். அவளே கொட்டகைக்குக் கூட்டிப்போனாள்.

"கிட்ட வராதீங்கம்மணி," என்று அரங்கசாமி சுவரோரம் ஒண்டிக்கொண்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

தாஜுன்னிசா நேரே போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தார். வந்த கோபத்தில் பாதி தன் மேலேயே. "ரெண்டு மணி நேரம் பஸ்ல வந்திருக்கறேன், கிட்ட வராதேங்கறீங்களா? மாத்திரை கவர்மெண்டே சும்மா தருது. விடாமத் தின்னா நோய் போயிரும். தட்டத் தனியா வெச்சாப் போகாதுங்ணா. ஒரு மாசம் வீணாப் போனது என் தப்பு. கேக்க வேண்டியதக் கேக்காம உட்டுப்போட்டேன். இனிமேப் போற ஒவ்வொரு நாளும் உங்க தப்பு."

அவர் கூரையைப் பார்த்தபடியே கேட்டார். "தின்னா இந்த மரப்பு போயிருங்களா?"

ஆமாம் என்று சொல்லிவிடத் தாஜுன்னிசாவுக்கு வாய் துடித்தது. சொல்லவில்லை. "போன உணர்ச்சி முழுசா வருமான்னு தெரியாதுங்ணா. இருக்கறதக் காப்பாத்தலாம்."

"எனக்கு ஒண்ணும் வலிக்கலீங்களே," என்றார் அவர், கெஞ்சுவதுபோல்.

"குனிஞ்சு பாருங்க."

பார்த்தார். அவருடைய சுண்டுவிரலைத் தாஜுன்னிசா பிடித்துக்கொண்டிருந்தார். எப்போது பிடித்தார், எவ்வளவு நேரமாகப் பிடித்திருக்கிறார் என்று அரங்கசாமிக்குத் தெரியவில்லை. ஆனால் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

"மோகனா," என்று வாசலில் நின்ற மகளைக் கூப்பிட்டார். "என் சட்டைய எடுத்துட்டு வா கண்ணு. தூர வெக்காத, கையில குடு."