இரும்புக்கால் ரோபோவும் பிளாஸ்டிக் கால் ரோபோவும்

கப்பலில் வேலை பார்க்கும் என் அண்ணா, பழைய விண்வெளி ரோபோ பொம்மை ஒன்றை என் பொறுப்பில் விட்டுப் போயிருந்தார். அதன் கால்கள் இரும்பு. நெஞ்சு மூடிக்குள் தன் பெயரைக் கீறியிருந்தார். அதன் புதிய பதிப்பை வைத்திருந்த, அண்ணாவுக்குத் தெரிந்த ஹெவ்லொக் டவுன்காரர் ஒருவர், இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கக் கேட்டார். வெள்ளவத்தையிலிருந்து அதைப் பெட்டியில் வைத்துக் கொண்டுபோனேன். வழியில் சோதனைச் சாவடியில் நின்ற சிப்பாய், அதைத் தூக்கிப் பார்த்து, நெஞ்சையும் திறந்து பார்த்த பிறகே விட்டான்.

ஹெவ்லொக் டவுன்காரர் அதை உள்ளறைக்கு எடுத்துச் சென்று, பெட்டியை மூடித் திருப்பித் தந்தார். “புதுசுக்குக் கால் பிளாஸ்டிக். படிக்காத வீட்டுப் பிள்ளையளுக்கு இந்த வித்தியாசமெல்லாம் விளங்காது” என்று நண்பர்கள் முன் சிரித்தார். எங்கள் வீட்டில் முதலில் படித்தவள் நான். கோபத்தில் பெட்டியைத் திறக்காமலே புத்தகப் பையில் திணித்துக்கொண்டு வந்தேன். அதுதான் என் பிழை.

அதே சிப்பாய் மறுபடியும் தூக்கிப் பார்த்தான். “நங்கி, மேக்க வெனெ எக்கக்னே!” தங்கச்சி, இது வேறொன்று என்று சிங்களத்தில் சொன்னான். பாரமில்லை. உள்ளே பெயருமில்லை.

உடனே திரும்பிப் போனேன். நண்பர்கள் இன்னும் இருந்தார்கள். கண்ணாடி அலுமாரியில் நின்ற எங்கள் ரோபோவின் நெஞ்சைத் திறந்து நீட்டினேன்.

“என்ன எழுதியிருக்கு, சேர்? வாசிங்கோ.”

“தங்கச்சி, மாறிப்போச்சு...”

“சத்தமா வாசிங்கோ. நான் படிக்காத வீட்டுப் பிள்ளையெல்லோ.”

மூன்று தரம் வாசிக்க வைத்த பிறகே எங்கள் ரோபோவை எடுத்துக்கொண்டு வந்தேன். அவர் குரல் நடுங்கியது இன்றும் எனக்கு இனிக்கிறது.

இப்போது யாரிடம் எதைத் திரும்ப வாங்கினாலும், அவர்கள் முன்னாலேயே திறந்து பார்க்கிறேன். “எங்களில நம்பிக்கை இல்லையோ?” என்பார்கள்.

“இல்லை” என்பேன்.