விரிப்பில் தைத்த சூரியன்

அரசுச் சொத்தான ஒரு பொருளை இடத்தைவிட்டு அகற்ற யார் யார் கையெழுத்து வேண்டும் என்பதை நான் வேலையில் சேர்ந்த பிறகு கற்றுக்கொள்ளவில்லை. நான்காம் வகுப்பிலேயே தெரிந்துவிட்டது.

வாலிகண்டபுரத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அங்கே எட்டாவது வரைதான் பள்ளி. ஆய்வுக்கு அதிகாரி வருகிறார் என்றதும், எங்கள் வகுப்புச் சுவரில் காரை பெயர்ந்திருந்த இடத்தை ஏதாவது செய்ய வேண்டியிருந்தது. பூசுவதற்கு மேலிடத்து அனுமதி வேண்டும், மறைப்பதற்கு வேண்டாம். டீச்சர் விதி அறிந்தவர். ‘நம் வயல்’ என்ற தலைப்பில், துண்டுத் துணிகளைச் சேர்த்து, உள்ளே பழஞ்சேலையை மடித்து வைத்து, மெத்தென்று ஒரு சின்ன விரிப்புத் தைத்து அங்கே மாட்டலாம் என்றார். ஆளுக்கொரு துணி கொண்டுவர வேண்டும். தைக்கும் பொறுப்பு எட்டாவது படித்த என் அக்காவுக்கு.

அக்கா பள்ளியில் செய்யும் கடைசி வேலை அதுதான் என்று வீட்டில் பேச்சு. ஒன்பதாவதுக்குப் பெரம்பலூருக்கு பஸ் ஏற வேண்டும். அப்பா அதற்கு ஒப்பவில்லை. அவர் கவலை முழுவதும் கிணற்றில் இருந்தது. பாறைக்கு வேட்டு வைத்து வைத்து ஆழம் கூடியதே தவிர, தண்ணீர் வரவில்லை.

பச்சை லுங்கி சோளமாயிற்று. வேட்டிக் கிழிசல் பருத்தியாயிற்று. சூரியனுக்கு மட்டும் மஞ்சள் கிடைக்கவில்லை. சாமி மாடத்தில் மஞ்சள் துணி முடிச்சு ஒன்று சும்மா கிடந்தது, எடுத்துக்கொண்டு போனேன். அது அம்மா வேண்டிக்கொண்டு காசு முடிந்து வைத்தது. வேண்டியது நடக்கும்வரை அவிழ்க்கக் கூடாது. அக்காவும் அவிழ்க்கவில்லை. டீச்சர் அவசரப்படுத்தினாரோ, அவளுக்கே ஏதாவது கணக்கு இருந்ததோ, காசோடும் முடிச்சோடும் அப்படியே வைத்துத் தைத்துவிட்டாள். எங்கள் சூரியன் கொஞ்சம் புடைத்திருந்தது.

அதிகாரி வந்தார், சூரியனைத் தட்டிப் பார்த்தார், போனார். அதற்குப் பிறகுதான் மாடம் காலியாக இருப்பது அப்பாவின் கண்ணில் பட்டது. நான் உள்ளதைச் சொன்னேன். முடிச்சு கிணற்றுக்காகப் போட்டது என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை.

“சாமி காச செவுத்துல மாட்டுனா தண்ணி எப்புடிடி வரும்?” என்று அம்மாவிடம் பாய்ந்தார்.

அம்மா நிதானமாக, “நீங்களே போயி வாங்கிட்டு வாங்க” என்றாள்.

தலைமையாசிரியர் கொடுக்கவில்லை. அதிகாரி பார்த்துக் குறித்துக்கொண்ட பொருள் பள்ளிச் சொத்து. கழற்றுவதென்றால் விண்ணப்பம், மேலொப்பம், மறுபடி ஆய்வு என்று மரியாதையாக விளக்கினார். பிற்காலத்தில் எத்தனையோ பேரிடம் நான் அதே குரலில் அதையே சொல்லியிருக்கிறேன்.

அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு வகுப்புக்குள் வந்து சூரியன் முன் நின்றார். டீச்சர் பக்கத்தில் வந்தார்.

“ஒங்க பொண்ணு தைச்சதுங்க. ஒன்பதாவது எங்க சேக்கப் போறீங்க?”

முடிச்சுக்கு முன்னால் நின்றுகொண்டு ‘இல்லை’ என்று சொல்ல எங்கள் பக்கத்தில் யாருக்கும் வாய் வராது. சொன்னால், வேண்டியதும் இல்லையென்றே போய்விடும். அப்பா மஞ்சளைப் பார்த்தார். கிணற்றை நினைத்திருப்பார்.

“பெரம்பலூர்லதாங்க” என்றார்.

வகுப்பு முழுவதும் கேட்டது. அங்கே சொன்னதை அப்புறம் மாற்றவும் முடியாது. வீட்டுக்கு வந்து, ஏதோ பேச்சுக்குச் சொன்னது என்று சொல்லிப் பார்த்தார். “அப்ப கெணறு?” என்று மட்டும் கேட்டாள் அம்மா.

ஜூன் மாதம் அக்கா பஸ் ஏறினாள். அன்றைக்கே அம்மா பள்ளிக்கு வந்தாள். டீச்சரிடம் கத்தரிக்கோல் வாங்கிச் சூரியனைப் பிரித்தாள். விண்ணப்பம் எதுவும் எழுதவில்லை. தலைமையாசிரியர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். முடிச்சை அவிழ்த்துக் காசை எடுத்தாள், துணியை மறுபடி வைத்துத் தைத்தாள், என்னையும் கூட்டிக்கொண்டு கோயிலுக்கு நடந்தாள்.

கிணற்றில் அன்றுவரை பாறைதான். உண்டியலில் காசு விழுந்த சத்தம் கேட்டதும் எனக்குப் பொறுக்கவில்லை.

“தண்ணிதான் வரலயேம்மா, அப்பறம் எதுக்குக் குடுக்கிற?”

“வரும் வா” என்றாள்.

சாமி அம்மாவை நன்றாக ஏமாற்றிவிட்டது என்று நினைத்தேன். அதுகூடத் தெரியாமல் அவள் சிரித்த முகத்தோடு வந்துகொண்டிருந்தாள். வழியெல்லாம் எனக்குப் பாவமாக இருந்தது.