ஒரு ரிங்கைக் கூட்டிக்கொள்ளவும்

ஒரு வாழைக்காய் கமிஷன் மண்டி, இரண்டு லாரிகள், பாளையங்கோட்டையில் மாடி வைத்த வீடு, மூன்று பெண்களின் கல்யாணம், ஐந்தாம் வகுப்பை முடிக்காமல் நான் விட்டு ஓடிய பள்ளிக்கூடத்துக்கு ஒரு சுற்றுச்சுவர். இவ்வளவையும் என் கையால் உண்டாக்கினேன். அப்பா எனக்கு விட்டுப் போனது ஒரு மண்வெட்டியும் மூன்று தம்பிகளும்தான். திருநெல்வேலிச் சந்தையில் வாழைத்தார் இறக்கும் சுமைகாரனாக நுழைந்தவன், பதினான்கு வருஷத்தில் அதே சந்தையில் கல்லாவில் உட்கார்ந்தேன். கடன் கேட்கப் போனபோது வங்கிக்காரர் எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியுமா என்று கேட்டார். போட்டுக் காட்டினேன். அழகாக இருக்கிறது என்றார்.

இதெல்லாம் எல்லோரும் அறிந்தது. சந்தையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். யாரும் சொல்லாத ஒன்று உண்டு. விலை குறைந்த புது செல்போன் கம்பெனிக்கு நான் மாறிய கதை. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

தொண்ணூறுகள் முடியும் தறுவாய். சந்தையில் முதல் செல்போன் என் சட்டைப் பையில்தான் இருந்தது. பை கிழிந்துவிடும் என்று என் வீட்டுக்காரி உள்ளே ஒரு துணி வைத்துத் தைத்துக் கொடுத்தாள். அவ்வளவு கனம். டவர் டவுனுக்குள் மட்டும்தான். கொஞ்சம் கிழக்கே போனால் அது வெறும் கல். ஆனால் எனக்கு வேண்டியது சந்தைக்குள் மட்டும்தானே.

ஏன் வேண்டும் என்று சொல்ல வேண்டும். ஏரல், ஸ்ரீவைகுண்டம் பக்கம் ஆற்றுப் பாசனத்தில் விளையும் ஏத்தன் என்கிற நேந்திரங்காயில் பெரும்பங்கு மலையாளத்துக்குப் போகும். ஓணத்துக்கு முந்தின பதினைந்து நாள்தான் எங்களுக்கு வருஷம். மலையாளத்து வியாபாரி ஒருவர் தினமும் காலை ஆறு மணிக்கு எனக்கு விலை சொல்வார். அந்த விலைக்கு நான் விவசாயிகளிடம் காயை முடிப்பேன்.

எங்கள் சந்தையில் விலையை வாயால் சொல்கிற வழக்கம் இல்லை. இரண்டு பேர் கையைத் துண்டுக்குள் விட்டு, விரலைப் பிடித்துப் பேசி முடிப்பார்கள். பக்கத்தில் நிற்பவனுக்குத் தெரியாது. மலையாளத்துக்காரரின் கையைத் துண்டுக்குள் பிடிக்க முடியாதல்லவா? அதனால் நான் ஒரு முறை கண்டுபிடித்தேன். அவர் போன் அடிப்பார், நான் எடுக்க மாட்டேன். மூன்று ரிங் அடித்து நின்றால் நேற்றைய விலை. நான்கு என்றால் கிலோவுக்கு அரை ரூபாய் கூட. இரண்டு என்றால் அரை ரூபாய் குறைவு. விரலுக்குப் பதிலாக ரிங். எதிர் மண்டிக்காரன் பக்கத்தில் நின்றாலும், எனக்கு யாரோ கூப்பிட்டார்கள், நான் எடுக்கவில்லை என்றுதான் நினைப்பான். முதலில் மண்டிக்குள் இருந்த போனில் இதை நடத்தினேன். அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். வெளியே லாரியில் தார் இறங்கும்போது என் கண் அங்கே இருக்காது. செல் வந்த பிறகு லாரிக்குப் பக்கத்தில் நின்றே விலை வாங்கினேன்.

பழைய கம்பெனியில் பேசினாலும் காசு, பிறர் பேசக் கேட்டாலும் காசு. ரிங்குக்குக் காசு இல்லை. ஆனால் என் வீட்டுக்காரி மத்தியானம் கூப்பிட்டு, புளிக்குழம்பா கூட்டாஞ்சோறா என்று கேட்பாள். அந்தக் குழம்புக்குப் புளியை விடப் போனுக்கு அதிகமாகச் செலவானது. அப்போதுதான் புதுக் கம்பெனி வந்தது. வாடகை பாதி, பேச்சுக் கூலி பாதிக்கும் கீழே. ஆனால் நம்பர் மாறிவிடும். இரண்டு லாரியின் பின்னாலும் எழுதியிருந்த நம்பரை அழித்துப் புதிதாக எழுத வேண்டும். சந்தையில் ஒருவனும் மாறத் துணியவில்லை. நான் துணிந்தேன். அது ஆடி மாதம் கடைசி வாரம்.

"ஆடி முடியட்டும்ங்க. ஆடியில யாராவது புதுசா எதையாவது தொடங்குவாவளா?" என்றாள் வீட்டுக்காரி.

"நான் என்ன கல்யாணமா பண்ணப் போறேன்? சிம்முதான மாத்துதேன்."

"கல்யாணத்துக்கு ஆளு கெடச்சா அதையும் ஆடியிலதான் வைப்பிய."

மாற்றினேன். மலையாளத்துக்காரருக்குப் புது நம்பரைக் கொடுத்தேன். மறுநாள் சரியாக ஆறு மணிக்கு அடித்தது. இரண்டு ரிங். அரை ரூபாய் இறக்கம். அடுத்த நாளும் இரண்டு. அதற்கடுத்த நாள் மூன்று. நான்காம் நாள் மறுபடி இரண்டு. ஓணம் நெருங்க நெருங்க விலை இறங்குவதை நான் அதுவரை பார்த்ததில்லை. இருந்தாலும் ரிங் பொய் சொல்லாது என்று நம்பினேன். விவசாயிகளுக்கு அதே விலையைச் சொன்னேன். எதிர் மண்டிக்காரன் கூடக் கொடுத்தபோது, பாவம், ஓணத்தோடு கடையை மூடப் போகிறான் என்று எல்லோரிடமும் சொன்னேன்.

நான்காம் நாள் மத்தியானம் ஏரலில் வாழை போட்டிருக்கும் விவசாயி ஒருவர், நாங்கள் ஏரல்காரர் என்று கூப்பிடுபவர், மண்டிக்கு வந்தார். என் வயதுதான். அவர் பகுதியில் பதினோரு பேர் அவர் சொல்லுக்கு நிற்பவர்கள். பன்னிரண்டு வருஷமாக அந்தப் பதினோரு பேரின் காயும் என் மண்டிக்குத்தான் வரும். ரிங் கணக்கை அவர் ஒருவரிடம் மட்டும் சொல்லி வைத்திருந்தேன்.

"அண்ணாச்சி, எதிர் மண்டியில ரெண்டு ரூவா கூடக் குடுக்கான்."

"அவன் கடய மூடப் போறான்வே. பொறுத்துப் பாரும்."

"அவன் மூடுததுக்குள்ள எங்க தாரு பழுத்துரும்லா. இன்னைக்குச் சாயங்காலமே பதினோரு பேரும் வெட்டி ஏத்துதோம். இந்த ஒரு லோடுதான் எங்களுக்கு வருசம் முழுக்கச் சோறு. எங்க எறக்கணும்னு காலையில வந்துதான் சொல்லுவேன்."

"என்னய நம்பலையா நீரு?"

"பொய் சொல்லுதியன்னு நான் சொல்லல. ஆனா அந்த ரிங்க நானும் ஒருக்கக் கேக்கணும்."

அந்த வார்த்தை எனக்கு வலித்தது. என் மண்டி நிற்பது செங்கல்லில் இல்லை, சொன்ன விலையில் நிற்கிறது. அந்தப் பதினோரு பேர் போனால், பின்னாலேயே மற்றவர்களும் போய்விடுவார்கள். சரி, வந்து கேளும் என்றேன்.

மறுநாள் காலையில் லாரி வந்து, என் மண்டிக்கும் எதிர் மண்டிக்கும் நடுவில் நின்றது. தார்ப்பாயைக்கூட அவிழ்க்கவில்லை. ஏரல்காரர் கீழே இறங்கினார். செல்லை அவர் கையிலேயே கொடுத்தேன். அதை வாழைக்கன்றைப் பிடிப்பதுபோல இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். ஆறு மணிக்கு அடித்தது. ஒன்று. இரண்டு. நின்றுவிட்டது.

"ரெண்டுதான்," என்றார் பைய. நான் பொய்யன் இல்லை என்று அவர் முகத்தில் தெரிந்தது. ஆனால் லாரி நகரவில்லை.

அப்போது நான் அதுவரை செய்யாத ஒன்றைச் செய்தேன். சந்தை நடுவில் நின்று மலையாளத்துக்காரரைக் கூப்பிட்டு வாய்விட்டு விலை பேசினேன். அந்தக் காலத்தில் செல்லில் மெதுவாகப் பேசினால் கேட்காது என்று நாங்கள் நம்பினோம். அதனால் சந்தைக்கே கேட்டது.

"ஓய், இன்னைக்கு எத்தன ரிங் அடிச்சீரு?"

"மூணு அடிச்சல்லோ அண்ணாச்சி. எல்லா திவசமும் மூணு தன்னே, ஒரு திவசம் மாத்ரம் நாலு. ஓணம் அல்லே, எங்ஙனே குறையும்?"

என் காதில் ரத்தம் ஏறியது. அவர் அடித்தது தினமும் மூன்று, ஒரு நாள் மட்டும் நான்கு; நான் கேட்டதில் எல்லா நாளும் ஒன்று குறைகிறது. ஏரல்காரரை மண்டிக்குள் கூட்டிப் போனேன். அங்கே இருந்த பழைய போனில் என் செல் நம்பரைச் சுழற்றி, ரிசீவரை அவர் காதில் வைத்து, கேட்கிற ரிங்கை எண்ணி உரக்கச் சொல்லும் என்றேன். நான் செல்லோடு வாசலில் நின்றேன்.

"ஒண்ணு," என்றார் உள்ளேயிருந்து. என் செல் சும்மா கிடந்தது.

"ரெண்டு." இப்போதுதான் அது முதல் தடவை அடித்தது.

"மூணு." இரண்டாவது.

பத்துத் தடவை பார்த்தோம். பத்துத் தடவையும் கூப்பிடுகிறவர் காதில் கேட்கும் முதல் ரிங் இந்தப் பக்கம் வந்து சேரவில்லை. பழைய கம்பெனியில் அப்படி நடந்ததே இல்லை. ரிங்கை எண்ணி வியாபாரம் செய்கிற ஆள் இந்த ஊரில் நான் ஒருவன்தான். வேறு யாருக்கும் இது தெரியவந்திருக்காது.

ஏரல்காரர் வெளியே வந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "ஒங்க செல்லு மொத ரிங்க முழுங்கிட்டு அப்புறந்தான் ஏப்பம் விடுது அண்ணாச்சி."

"சிரிச்சது போதும்வே. லாரி எங்க எறங்குது?"

"எங்க எறங்கும்? இங்கனதான்."

தார்ப்பாய் அவிழ்ந்தது. நான்கு நாளும் குறைத்துச் சொன்ன விலையைக் கூட்டி எல்லோருக்கும் கொடுத்துவிட்டேன். மலையாளத்துக்காரர் முழு விலையைத்தானே எனக்குத் தரப் போகிறார். முடிந்த வியாபாரம் என்று அதை நான் வைத்துக்கொண்டாலும் பலர் வந்து கேட்டிருக்க மாட்டார்கள். ஆனால் எனக்கு உறுத்தியிருக்கும்.

"இனிமே பழைய கம்பெனிக்கே போயிருங்க," என்றார் ஏரல்காரர். நான் போகவில்லை. பாதிக் காசுக்குக் கிடைக்கிற போனை ஒரு ரிங்குக்காக விடுவேனா? மலையாளத்துக்காரரிடம் சொன்னேன்: இனிமேல் ஒன்று கூட்டி அடியும். முடிந்தது கதை. அந்த ஓணத்துக்கு என் மண்டியிலிருந்து போன லோடு அளவுக்கு வேறெந்த வருஷமும் போனதில்லை.

புதுக் கம்பெனியின் ஆபீசுக்கும் போய்ச் சொன்னேன். கவுண்டரில் இருந்த பெண் நம்பவில்லை. அங்கேயே இரண்டு போனை வைத்துக் காட்டினேன். அவள் ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டு, "சார், இதை யாரும் எண்ணிப் பார்த்ததே இல்லை," என்றாள். படித்தவர்கள் எல்லோரும் போனை எடுத்துப் பேசுகிறார்கள். நான் எடுக்காமல் பேசினேன்.

ஒன்று மட்டும் கைவிட்டுப் போனது. நான் சந்தை நடுவில் கத்தியதில் என் ரகசியம் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. முதல் இரண்டு நாள் மனது கொஞ்சம் சங்கடப்பட்டது. பிறகு ஒவ்வொருவராக வந்து, புதுக் கம்பெனி எப்படி, ரிங்கு எப்படி என்று கேட்டார்கள். மண்டிப் பலகையில் காய்விலைக்குக் கீழே சாக்பீஸில் எழுதி வைத்தேன்: புது நம்பர்காரர்கள் ஒரு ரிங்கைக் கூட்டிக்கொள்ளவும். பொங்கலுக்குள் சந்தையில் பாதிப் பேர் மாறிவிட்டார்கள். எதிர் மண்டிக்காரன் உட்பட. காலை ஆறு மணிக்குச் சந்தையில் ஏழெட்டு செல்கள் அடிக்கும், ஒருவரும் எடுக்க மாட்டார்கள், எல்லோரும் வாய்க்குள் எண்ணிக்கொண்டு நிற்பார்கள். புதிதாக வந்த லாரி டிரைவர்கள் பார்த்துவிட்டு, இந்த ஊர்க்காரர்களுக்கு என்ன ஆயிற்று என்று கேட்பார்கள். டீயைக் குடித்துக்கொண்டு அதைப் பார்த்து நிற்பதில் எனக்கு இருந்த சந்தோஷம் லாரி வாங்கியபோதுகூட இருந்ததில்லை.

வீட்டுக்காரி மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. "ஆவணி பொறந்தது, சரியாயிட்டு. அவ்வளவுதான்," என்றாள். அவளோடு நான் வாதாடுவதில்லை.

ஆனால் சங்கத்தோடு வாதாடுவேன். போன மாதம் எங்கள் வாழைக்காய் வியாபாரிகள் சங்கம் ஒரு மலர் போட்டது. அதில் ஒரு வரி: "காலத்துக்கேற்ப நம் வியாபாரிகள் குறைந்த செலவில் செல்போன் வசதிக்கு மாறினர்." காலம் வந்து எங்கள் சந்தையில் யாருக்கும் சிம் மாற்றிக் கொடுக்கவில்லை. யாரும் துணியாதபோது மாறியது நான். முதல் ரிங் காணாமல் போவதைக் கண்டுபிடித்தது நான். பதினோரு பேரின் லாரியை வாசலில் நிறுத்திவைத்துக்கொண்டு கண்டுபிடித்தேன். ஏரல்காரர் இன்றும் இருக்கிறார், அவரைக் கேட்கலாம். அடுத்து மலர் போடும்போது அந்த வரியைத் திருத்த வேண்டும். பெரிதாக ஒன்றும் எழுத வேண்டாம், ஒரு வரி போதும். அந்த வரி என் பெயரில், இனிஷியலோடு தொடங்க வேண்டும். போட்டோ வேண்டுமென்றால் நானே கொண்டுவந்து தருகிறேன்.