திருவரங்குளத்துக்கு முன்னால்

2019 ஜூன் 3, திங்கட்கிழமை. புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் திருச்சி பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன். அங்கிருந்து விமானம், ஜார்ஜியாவில் ஒரு தங்கும் விடுதியில் வேலை. பஸ் நகரும் நேரத்தில் சார்லஸ் சார் ஜன்னல் வழியாக ஒரு மஞ்சள் பையை நீட்டினார். உள்ளே பத்து கவர்கள். ஒவ்வொன்றிலும் தன் ஆலங்குடி முகவரியை எழுதி, ஸ்டாம்பும் ஒட்டியிருந்தார்.

"பாக்குறத இங்கிலீஷ்ல ஒரு பக்கம் எழுதி இதுல போட்டு விடும்மா. ஒனக்கு அலைச்சல் வேணாம்."

இந்திய ஸ்டாம்ப் அங்கே செல்லாது. சொன்னால் சங்கடப்படுவார் என்று தலையாட்டிவிட்டேன்.

முப்பது வருடம் எங்கள் கல்லூரியில் ஆங்கிலம் நடத்தியவர். முந்திரிக்காட்டுக் கூலிக்காரர்களின் மகன். சென்னையைத் தாண்டியதில்லை. தினமும் ஆலங்குடியிலிருந்து ஏழே முக்கால் டவுன் பஸ்ஸில் எங்களோடுதான் கல்லூரிக்கு வருவார். பாதி வழியில் இருக்கும் திருவரங்குளம் வரை தமிழ், அதைத் தாண்டினால் ஆங்கிலம் மட்டும். தப்பாகப் பேசலாம், பேசாமல் இருக்கக் கூடாது.

"கஷ்டத்தையெல்லாம் திருவரங்குளத்துக்கு முன்னால சொல்லி முடிச்சிருங்க" என்பார். எங்கள் அப்பா குடிப்பதையும், வீட்டில் மாப்பிள்ளை பார்ப்பதையும் நான் அந்தப் பாதி வழியில்தான் சொன்னேன். என் வகுப்புத் தோழன் தங்கமுத்து மீதிப் பாதியில் கண்டக்டரிடமே ஆங்கிலத்தில் டிக்கெட் கேட்டு அடி வாங்கப் பார்த்தான். இப்போது கோயம்புத்தூரில் வங்கி அதிகாரி.

நான் ஜார்ஜியா போன அந்த வருடமே, கிறிஸ்துமஸ் அன்று, சாருக்குப் போன் செய்தேன். என் முகவரியைக் கேட்டு எழுதிக்கொண்டார்.

"லெட்டர் ஒண்ணும் வரலையேம்மா."

"நாலு போட்டேன் சார். வந்துரும்."

ஒன்றுகூட எழுதியிருக்கவில்லை. வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"நாலா? சரி சரி, போஸ்ட்மேன் வீரய்யாட்ட கேக்குறேன்."

அந்தக் குரலில் இருந்த சந்தோஷத்துக்குப் பயந்து அப்புறம் நான் அவரைக் கூப்பிடவே இல்லை. வியட்நாம் போனேன், ஓமன் போனேன். எங்கும் ஒரு வருடத்துக்கு மேல் நிற்க முடியவில்லை. மஞ்சள் பை மட்டும் பெட்டியின் அடியில் கூடவே வந்தது.

2024 ஆகஸ்டில் சார் இறந்துபோனார். அக்டோபரில் ஊர் திரும்பி, தங்கமுத்துவோடு ஆலங்குடி வீட்டுக்குப் போனேன். சாரின் மனைவி ஷர்லி அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தெனம் வீரய்யாவோட சண்டைதான். 'எம்புள்ள லெட்டர எங்கய்யா தொலைச்சே'ன்னு. பாவம், அந்த மனுசன் இங்கிட்டு வரவே பயந்தாரு."

"எங்களுக்கெல்லாம் வாசிச்சுக் காட்டுறேன்னு காக்க வச்சாரு" என்றான் தங்கமுத்து. "அப்படி என்னதான் எழுதுனே? இப்பவாச்சும் சொல்லு."

"ஞாபகம் இல்லடா" என்றேன். ஷர்லி அம்மா இன்னும் என் கையை விடவில்லை.

மறு வருடம் ஜனவரியில் ஷர்லி அம்மாவிடமிருந்து வாட்ஸப்பில் ஒரு படம் வந்தது. 2021 நவம்பரில் சார் என் ஜார்ஜியா முகவரிக்கு அனுப்பிய கடிதம். வாங்க ஆளில்லாமல் எங்கெங்கோ கிடந்து ஆலங்குடிக்கே திரும்பியிருக்கிறது. 'பிரிச்சுட்டேன், கோச்சுக்காதம்மா' என்று கீழே எழுதியிருந்தார். மாணவர்களுக்கு ஆங்கிலத்தில் மட்டுமே எழுதுகிற சார், இந்தக் கடிதத்தைத் தமிழில் எழுதியிருந்தார்.

'அன்புள்ள கார்த்திகா, இதைத் திருவரங்குளத்துக்கு முன்னால் சொன்னதாக வைத்துக்கொள். நம் ஊர் ஸ்டாம்ப் அங்கே செல்லாது என்று வீரய்யா இன்றுதான் விசாரித்துச் சொன்னார். இரண்டு வருடமாக அவரைத் திட்டித் தீர்த்துவிட்டேன். நீ எழுதிய நாலு கடிதமும் என் அறியாமையால் வீணாகிவிட்டன. மன்னித்துக்கொள்ளம்மா. ஞாபகம் இருந்தால், அந்த நாலில் ஒன்றையாவது மறுபடி எழுது.'