குதிரை லாயத்துக்குப் புதுச் சட்டை

ஊராட்சிக்காரர்கள் டேப்பைப் பிடித்து ஒரு கட்டடத்தை அளந்தால், அதை இடிக்கப் போகிறார்கள் என்று நம்பினேன். இதை நானே முதலில் சொல்லிவிடுகிறேன். நான் சொல்லாவிட்டால் எங்கள் ஒண்டிக்கடை முக்கில் வேறு யாராவது சொல்வார்கள். அவர்கள் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வார்கள்.

நம்பியதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. முந்தைய வருடம் ஏரிக்குப் போகிற வழியில் ஒரு வரிசைக் கடைகளை இதே மாதிரி அளந்தார்கள். மூலைக் கல்லில் சிவப்புப் பெயிண்டால் நம்பர் போட்டார்கள். அடுத்த கோடை சீசனுக்குள் கடைகள் போய் ரோடு அகலமாகிவிட்டது. கடைக்காரர்களுக்கு வேறு இடம் கொடுத்தார்கள், மறுக்கவில்லை. அவர்களும் தராசு, பெஞ்சு, பாய்லர் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு போனார்கள். நான் என் அடுப்பைத் தூக்கிக்கொண்டு எங்கே போவேன்?

என் பேக்கரி இருந்தது ஒரு பழைய குதிரை லாயத்தில். மலைக்கு மோட்டார் ரோடு வராத காலத்தில் காபி எஸ்டேட் துரைமார்கள் கீழேயிருந்து குதிரையில் வந்து இறங்கி, குதிரைகளை இங்கேதான் கட்டினார்களாம். கருங்கல் சுவர், சுண்ணாம்புச் சாந்து, மேலே சீமை ஓடு. சுவரில் வரிசையாக இரும்பு வளையங்கள். துரைமார்கள் போனபின் கட்டடம் ஊராட்சிக்கு வந்தது. அப்பா வாடகைக்கு எடுத்தார். பின்சுவரைக் குடைந்து, அதோடு சேர்த்தே விறகு அடுப்பைக் கட்டினார். சுவர் எங்கே முடிகிறது, அடுப்பு எங்கே தொடங்குகிறது என்று அவருக்கே தெரியாது. சுவர் போனால் அடுப்பு போச்சு. அடுப்பு போனால் பன், ரஸ்க், கிறிஸ்துமஸ் கேக் எல்லாம் போச்சு. நானும் என் குடும்பமும் சேலத்தில் இறங்கி யாருடைய பேக்கரியிலாவது கைகட்டி நிற்க வேண்டியதுதான்.

எண்பதுகளின் நடுவில், நவம்பர் மாதப் பனிமூட்டத்தில் ஒரு காலையில் ஓவர்சியர் டேப்போடு வந்தார். நீளம் அளந்தார், அகலம் அளந்தார், ஏணி வைத்து உயரமும் அளந்தார். மூலைக் கல்லில் சிவப்பு நம்பர் போட்டார். பிறகு உள்ளே வந்து சூடாக ஒரு பன் தின்றார்.

“எதுக்குங்க சார் அளக்கறீங்க?” என்று ஒரே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவாரே என்ற பயம். அதற்குப் பதிலாக இன்னொரு பன்னை எடுத்து அவர் கையில் திணித்தேன். அவர் அதையும் தின்றுவிட்டு, “நொம்ப நல்லாயிருக்குதுங்க” என்று சொல்லிப் போய்விட்டார். தூக்குப் போடுவதற்கு முன்னால் கைதிக்கு நல்ல சாப்பாடு போடுவார்களாம். இங்கே கைதியே போட்டான்.

ஊரையெல்லாம் கேலி பேசுகிறவன் நான். மாதா கோயிலில் பாதிரியார் பிரசங்கம் நீண்டால் பின்வரிசையில் குறட்டை விட்டுக் காட்டுகிறவன். அன்றைக்கு ஈரச் சாக்கால் அந்தச் சிவப்பு நம்பரைத் துடைத்துப் பார்த்தேன், போகவில்லை.

எதிரே டீக்கடை வைத்திருந்தவர் சேலத்துக்காரர், என் சிநேகிதர். அவரிடம் போய் அழாத குறையாகச் சொன்னேன். அவர் டீயை ஆற்றிக்கொண்டே யோசித்தார்.

“ஏனுங்கண்ணா, அவங்க எதுக்கு இடிக்கறாங்க? பழசுன்னுதானுங்களே?”

“ஆமாப்பா.”

“அப்ப புதுசாக்கிப் போடுங்க. புதுக் கட்டடத்த எவனாச்சும் இடிப்பானுங்களா?”

இதைவிடப் பெரிய அறிவாளி சேர்வராயன் மலையிலேயே கிடையாது என்று அந்த நிமிடம் எனக்குத் தோன்றியது. அவருக்கும் அப்படியே தோன்றியிருக்க வேண்டும். டீக்குக் காசு வாங்கிக்கொண்டார்.

சாக்கு தயாராகவே இருந்தது. கிறிஸ்துமஸ் வருகிறதென்றால் எங்கள் ஆட்கள் வீட்டுக்கெல்லாம் வெள்ளையடிப்பது வழக்கம். கையில் மட்டையும் வாளியுமாக யார் நின்றாலும் ஒருவரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். நான் வெள்ளையடிப்பதோடு நிறுத்தவில்லை. கருங்கல் தெரியக் கூடாதே! ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கடையைச் சாத்திவிட்டு, முகப்புச் சுவர் முழுக்கப் பூச ஆரம்பித்தேன். கொத்தனாரைக் கூப்பிட்டால் விஷயம் வெளியே போய்விடும். மைதா பிசைகிறவனுக்குச் சாந்து குழைக்கத் தெரியாதா என்று நானே இறங்கினேன். சுண்ணாம்பு ஒரு பங்கு, மணல் கை போன போக்கில், சிமெண்ட் பேருக்கு, தண்ணீர் தாராளம்.

என் மனைவி வாசலில் நின்று பார்த்தாள்.

“ஏனுங்க, சொவத்துக்குச் சாந்து பூசறீங்களா, கேக்குக்கு ஐசிங் வெக்கறீங்களா?”

“நீ போ புள்ள. உனக்கு ஒண்ணும் தெரியாது.”

“ஓவர்சியரப் பாத்து என்ன ஏதுன்னு கேட்டாத் தெரிஞ்சுட்டுப் போகுது. நாங் கேக்கட்டுங்களா?”

“வாயத் தொறந்தே, அப்பறம் ஊடு வாசல் இல்லாமப் போயிரும்!”

அவள் தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போனாள். இரும்பு வளையங்கள் மேலேயும் அப்பினேன். அதற்கு மேல் பச்சை பெயிண்ட். சிவப்பு நம்பர் போட்ட மூலைக் கல்லை மைதா மூட்டை அடுக்கி மறைத்தேன். எல்லாம் முடிந்து எதிர்ப்பக்கம் போய் நின்று பார்த்தேன். தலைச்சோலை பஸ்ஸிலிருந்து இறங்கிய ஒரு அம்மா, “ஏனுங்க, இங்கெ ஒரு பேக்கரி இருந்துச்சே, எங்கீங்க?” என்று என்னிடமே கேட்டாள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

அந்த வார நடுவில் ஜீப் வந்து நின்றது. ஊராட்சி ஒன்றிய ஆணையர் இறங்கினார். கண்ணாடி போட்ட, அமைதியான மனிதர். பின்னால் ஓவர்சியர். ஓவர்சியர் என் கடையைப் பார்த்தார், ரோட்டைப் பார்த்தார், மறுபடி என் கடையைப் பார்த்தார்.

“சார், போன வாரம் வேற மாதிரி இருந்துச்சுங்க சார்.”

ஆணையர் என்னிடம் திரும்பினார். “இது பழைய லாயம்தானே?”

“லாயமுங்களா? இல்லீங்க சார். புதுக் கட்டடமுங்க. காரைகூட இன்னும் காயலீங்க.” அதில் பிந்தைய பாதி சத்தியம்.

டீக்கடைக்காரர் நாங்கள் பேசி வைத்தபடியே ரோட்டைத் தாண்டி ஓடி வந்தார். “புத்தம் புதுசுங்க சார்! எங் கண்ணு முன்னாலதான் எழும்புச்சுங்க!”

ஆணையர் முகம் வாடிவிட்டது. “பாவம், நல்ல கட்டடம்னு சொன்னாங்க. ஊராட்சியைக் கேக்காம இடிச்சுட்டுக் கட்டிட்டீங்க போலிருக்கு. சரி, இதைப் பட்டியல்ல இருந்து எடுத்துடுங்க ஓவர்சியர். மஞ்சக்குட்டையில ஒரு பழைய பங்களா இருக்காமே, பணத்தை அதுக்குக் கொடுத்துடலாம்.”

“எந்தப் பணமுங்க சார்?” என்று அவர் வழியில் போய் நின்றேன்.

அவர் பொறுமையாகச் சொன்னார். மலையில் இருக்கிற பழைய கட்டடங்களைப் பழுதுபார்த்துக் காப்பாற்ற ஊராட்சி நிதி ஒதுக்கியிருக்கிறது. தேர்வாகிற கட்டடத்தின் கூரை, சுவர் எல்லாவற்றையும் ஊராட்சியே சரிசெய்து, பாதுகாக்கப்பட்ட கட்டடம் என்று வாசலில் கல் பதிக்கும். குடியிருப்பவர் அப்படியே இருக்கலாம். அதற்குத்தான் அளந்தது.

“தேர்வாகலீன்னா சார்?”

“இந்த முக்குல பஸ் திரும்ப இடம் பத்தலை. பழைய கட்டடமா இருந்தா தொடக் கூடாது. புதுசுதானே, இடிச்சுட வேண்டியதுதான்.”

இல்லாத பேய்க்குப் பயந்து ஓடியவன், நேராக அதன் மடியிலேயே போய் உட்கார்ந்திருந்தேன்.

“சார், இது பழசுங்க சார்! நொம்பப் பழசு!”

“இப்பத்தானே புதுசுன்னீங்க?”

“அது வந்துங்க சார்...” நான் திணறுகிறபோது டீக்கடைக்காரர் விசுவாசம் பொங்க, “பயப்படாதீங்கண்ணா, நானிருக்கறேன்” என்று என் தோளைத் தட்டிவிட்டு, “சார், வேளாங்கண்ணி மாதா சத்தியமாப் புதுசுங்க சார்!” என்றார். கண்ணடித்தேன். காலை மிதித்தேன். அவர் இன்னும் பலமாகச் சத்தியம் செய்தார். அவர் இந்து, மாதாவை எனக்காகத்தான் கூப்பிட்டார்.

ஆணையர் ஜீப்பில் ஒரு காலை வைத்துவிட்டார்.

அப்போதுதான் என் மனைவி வெளியே வந்தாள். கையில் அடுப்பிலிருந்து ரொட்டி எடுக்கிற நீளமான மரத் துடுப்பு. என்னைத்தான் அடிக்கப் போகிறாள் என்று டீக்கடைக்காரர் நகர்ந்து வழிவிட்டார். அவள் என்னைத் தாண்டிப் போய் சுவரில் ஓங்கி ஒன்று வைத்தாள்.

பச்சை பெயிண்டோடு பெரிய வில்லையாகப் பூச்சு கழன்று தரையில் விழுந்தது. உள்ளே கருங்கல். இன்னொரு அடி. இரும்பு வளையம் வெளியே வந்து தொங்கியது.

“ஏனுங்க சார்,” என்றாள் மூச்சு வாங்க, “புதுக் கட்டடத்துல எவனாச்சும் குதிர கட்ட வளையம் வெப்பானுங்களா? பயத்துல இந்த மனுசன் பண்ணுன கூத்துங்க இது. அடுப்பு போயிருமோன்னு புத்தி கெட்டுப் போச்சுங்க.”

ஆணையர் ஜீப்பிலிருந்து காலை எடுத்தார். வந்து வளையத்தைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். விழுந்த பூச்சை எடுத்து விரலால் நசுக்கினார். ஊறிய ரஸ்க் மாதிரி உதிர்ந்தது.

“எந்தக் கொத்தனார் பூசினார்?”

“நாந்தானுங்க சார்.”

“நல்ல வேளை. தெரிஞ்ச ஆள் சிமெண்ட்டை ஒழுங்காப் பூசியிருந்தா கல்லோட பிடிச்சிருக்கும். அப்புறம் எடுக்கவே முடியாது, கட்டடமும் வீணாப் போயிருக்கும்.” முதல்முறையாகச் சிரித்தார். “இந்தக் கட்டடத்தைக் காப்பாத்தினது உங்க வேலை தெரியாத்தனம்தான்.”

என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த முதல் அரசாங்கப் பாராட்டு அது.

அதற்குப் பிறகு நடந்ததை ஒண்டிக்கடை இன்றும் பேசுகிறது. முக்கில் வந்து நின்ற பஸ்ஸிலிருந்து டிரைவர் இறங்கி வந்தார், கண்டக்டர் வந்தார், எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் ஒருவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். கரண்டி, களைக்கொத்து, தோசைத் திருப்பி என்று ஆளுக்கொன்றாக எடுத்துச் சுரண்டினார்கள். டீக்கடைக்காரர்தான் எல்லாரையும்விட வேகமாகச் சுரண்டினார். “நான் அப்பவே சொன்னனுங்க சார், இது வெள்ளக்காரன் காலத்துக் கட்டடமுங்க!” என்றார். ஆணையர் அவர் கையில் இன்னொரு கரண்டியையும் கொடுத்தார். ஓவர்சியர் மைதா மூட்டைகளை நகர்த்தித் தன் சிவப்பு நம்பரைக் கண்டுபிடித்ததும், தொலைந்த பிள்ளையைக் கண்ட மாதிரி கத்தினார். நான் பச்சைத் தூசி மூடிய தலையோடு எல்லாருக்கும் பன் கொடுத்தேன். அன்றைக்குச் சுட்டதில் ஒன்றுகூட விற்பனைக்கு மிஞ்சவில்லை. அத்தனை சந்தோஷமாக நான் நஷ்டப்பட்டதே இல்லை.

ஊராட்சிக் கூட்டத்தில் எங்கள் லாயத்தின் பெயரைத்தான் முதலில் வாசித்தார்களாம். கோடை சீசனில், மலர்க் கண்காட்சிக்கு வந்த கூட்டமெல்லாம் பார்க்க, வாசலில் பதித்த கல்லைத் திறந்து வைத்தார்கள். ஒன்றியத் தலைவர் எனக்குச் சால்வை போட்டு, பழமை மாறாமல் கட்டடத்தைக் கண்ணும் கருத்துமாகக் காத்தவர் என்று மைக்கில் சொன்னார். முன்வரிசையில் இருந்த என் மனைவிக்குச் சிரிப்பில் புரையேறியது. அந்தச் சால்வையை மேடையிலேயே கழற்றி அவள் தோளில் போட்டேன். கைதட்டல் அதற்குத்தான் அதிகம்.

ஊராட்சி செலவில் ஓடு மாற்றினார்கள். சுவருக்குச் சுண்ணாம்புச் சாந்து வைத்து, கருங்கல்லை வெளியே தெரிய விட்டார்கள். பஸ் திரும்புவதற்கு ரோட்டின் மறுபக்கத்துக் காலி மனையை எடுத்துக்கொண்டார்கள். பின்சுவரையும் அடுப்பையும் யாரும் தொடவில்லை.