அரை விலைக் காட்சிக்கு ஆறு சாண்ட்விச்

உருளைக்கிழங்கு வறுவலைப் பாக்கெட்டிலிருந்து துணிப்பைக்கு மாற்றும் வேலையைச் செவ்வாய்க்கிழமை காலை பத்தரைக்குத் தொடங்கிவிடுவார் ஹென்னி டெக்கர். பாக்கெட் சரசரக்கும், துணி வாயைத் திறக்காது. அடுத்தது சாண்ட்விச். அதற்கு வெள்ளித்தாள் கூடாது, மெழுகுத்தாளும் கூடாது. நனைத்துப் பிழிந்த பருத்தித் துணிதான். உள்ளே சீஸும் வெண்ணெயும் மட்டும். வெங்காயம் இல்லை, ஊறுகாய் இல்லை, முட்டை என்ற பேச்சே இல்லை. ஆறு பொட்டலமும் சமையலறை மேசையில் வரிசையாகப் படுத்ததும், குனிந்து ஒவ்வொன்றாக முகர்ந்து பார்ப்பார்.

"வேணும்னா பக்கத்து வீட்டு நாயைக் கூட்டிட்டு வரட்டுமா?" என்பார் கணவர் பெர்ட், செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து.

"அது என்னைவிட ஒண்ணும் கிழிச்சிடாது," என்பார் ஹென்னி.

இது வெறும் பெருமை இல்லை. சார்னியாவையும் ஆற்றுக்கு அந்தப் பக்கம் அமெரிக்காவில் இருக்கும் போர்ட் ஹியூரனையும் சேர்க்கிற பாலத்தில், கனடாப் பக்கத்துச் சுங்கச் சாவடியில், முப்பத்தோரு வருடம் உத்தியோகம் பார்த்தவர் அவர். அந்தப் பக்கம் சீஸும் பாலும் மலிவு என்பதால் சனிக்கிழமையானால் ஊரே பாலம் ஏறும். திரும்பி வரும்போது ஹென்னி நிற்பார். ஊரில் பாதிப் பேரின் டிக்கியை அவர் திறந்து பார்த்திருக்கிறார். மீதிப் பாதி, அவர் விடுப்பில் இருந்த நாளாகப் பார்த்துக் கடந்தவர்கள். பல் டாக்டரும் தப்பவில்லை, பாதிரியாரும் தப்பவில்லை. சொந்தக் கொழுந்தனுக்கே அபராதம் போட்டுவிட்டு, மறுநாள் அவர் வீட்டு விருந்தில் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டவர்.

ஓய்வு பெற்று ஐந்து வருடமாகிறது. அந்தக் கைகள்தான் இப்போது வாரம் தவறாமல் திரையரங்குக்குள் சாப்பாடு கடத்துகின்றன.

கடத்தலைப் பற்றி அவருக்குத் தெரியாதது எதுவும் இல்லை. எதிர்த் தரப்பில் இருந்து கற்றது. "மாட்டி விடறது மூணுதான்," என்பார். "நாத்தம், சத்தம், நடுக்கம்." முதல் இரண்டையும் வீட்டிலேயே ஒழித்துவிடுவார். மூன்றாவதற்கு அவரிடம் வேலையே இல்லை. சரக்கு எதுவும் கைப்பையில் போகாது. பை என்பது திறந்து காட்டுவதற்காக, அதில் கம்பளி நூலும் பின்னல் ஊசியும் மட்டுமே இருக்கும். சாண்ட்விச்சுகள் போவது குளிர்கோட்டின் உட்பக்கம் அவரே தைத்த எட்டுப் பைகளில். வாசலில் டிக்கெட் பார்ப்பவரிடம் அவரே முந்திக்கொண்டு, கழிவறை எந்தப் பக்கம் என்று கேட்பார். ஐந்து வருடமாக அது ஒரே பக்கத்தில்தான் இருக்கிறது. ஆனால் கேள்வி கேட்கிறவரை யாரும் கேள்வி கேட்பதில்லை. கோடையில் கோட்டு போட முடியாதே, என்ன செய்வீர்கள் என்றால், "குடை" என்பார். அதற்கு மேல் சொல்ல மாட்டார்.

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று செவ்வாய்க்கிழமைச் சினிமாவைப் பார்த்துத்தான் யாரோ சொல்லியிருக்க வேண்டும். அன்றைக்கு டிக்கெட் அரை விலை, ஏழு டாலர். ஒரு பாப்கார்னும் ஒரு கோக்கும் பதினேழு. கைபேசியில் டிக்கெட் எடுத்தால் 'வசதிக் கட்டணம்' ஒன்றரை டாலர் தனி. "ஃபோன் என்னுது, விரல் என்னுது, மூக்குக் கண்ணாடி என்னுது. இதுல அவன் என்ன வசதி பண்ணிக் குடுத்தான்?" என்பது ஹென்னியின் வாதம். அந்த ஒன்றரை டாலரைக் கொடுக்காமலிருக்க, திங்கட்கிழமைதோறும் இருபது நிமிடம் கார் ஓட்டிப் போய் நேரில் டிக்கெட் வாங்கி வருவார். பெட்ரோல் அதைவிட அதிகம் என்று பெர்ட் ஒருமுறை காகிதத்தில் எழுதிக் காட்டினார். "பெட்ரோல் நானா போடறது. அது அவன் புடுங்கறது," என்றார் ஹென்னி. பெர்ட் காகிதத்தை மடித்து வைத்துவிட்டார்.

நேரில் போனாலும் டிக்கெட் ஜன்னல் மூடித்தான் கிடக்கும். பாப்கார்ன் விற்கிறவரே டிக்கெட்டும் தருவார். அதாவது, டிக்கெட் வேண்டுமென்றால் கால் மணி நேரம் வெண்ணெய் வாசனையில் வெந்தாக வேண்டும். ஹென்னி அந்த வரிசையில் வாயால் மூச்சு விட்டபடி நிற்பார்.

வீட்டிலேயே பார்க்கட்டும் என்று மகள் சுவரளவு டிவி ஒன்றை வாங்கி மாட்டிவிட்டுப் போனாள். அதில் படம் போட்டால் பெர்ட் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை, "இவன் யாரு? செத்துப் போனானே, அவனா?" என்று கேட்பார். அவன் தம்பி என்று சொல்லி முடிப்பதற்குள் தம்பியும் செத்திருப்பான். அதனால் டிவியில் பெர்ட் ஹாக்கி பார்க்கிறார். ஹென்னி வெளியே போகிறார்.

கூட இரண்டு பேர். பாலர் பள்ளியில் பாடம் சொன்ன பாலின், பொய் சொன்னால் கழுத்துவரை சிவந்துபோகிறவர். அவரிடம் ஹென்னி ஒரு மிட்டாய்கூடக் கொடுத்தனுப்பியதில்லை. இன்னொருவர் இசபெல். காது மந்தம், இடுப்பில் உலோக மூட்டு. அங்கே இருக்கிற சாய்வு நாற்காலிகளில் பொத்தானை அழுத்தினால் கால் மேலே வரும், தலை பின்னால் போகும், ஏழாவது நிமிடம் இசபெல் தூங்கிவிடுவார். "ஏழு டாலருக்கு இந்த மாதிரி தூக்கம் எந்த ஆஸ்பத்திரில குடுக்கறாங்க?" என்று கேட்பார். மூவரும் வேறு நாளில் சந்திப்பதில்லை. யார் வீட்டுக்காவது போகலாம் என்றால் வீட்டைத் துடைக்க வேண்டும், கணவர்மாரை எங்காவது அனுப்ப வேண்டும். ஊரில் இருப்பது இந்த ஒரு திரையரங்குதான். அடுத்தது நூறு கிலோமீட்டர் தள்ளி. கண்புரை அறுவைக்குப் பிறகு ஹென்னி நெடுஞ்சாலையில் ஓட்டுவதில்லை. செவ்வாய் போய்விட்டால், மிச்சமுள்ள ஆறு நாளும் ஒரே நாள்தான்.

இத்தனைக்கும் அவர் பொய் சொல்லாதவர். இன்றும் பாலம் தாண்டி வந்தால், குடித்து முடித்த காப்பிக் கோப்பையைத் தவிர எல்லாவற்றையும் அதிகாரியிடம் சொல்லிவிடுவார். பின்னால் நிற்கும் வண்டிகள் ஒலிப்பானை அழுத்தினாலும் பட்டியல் முடியாமல் நகர மாட்டார். பிறகு இது மட்டும் எப்படி என்று பாலின் கேட்டதற்கு, "அங்க கேக்கறாங்க, சொல்றேன். இங்க எவனாவது கேட்டானா?" என்றார். பாலினுக்கு அது சரியாகப் படவில்லை. ஆனால் சாண்ட்விச் நன்றாக இருந்தது.

பிப்ரவரி மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை, கேட்க ஒருவர் வந்து நின்றார்.

வாசலில் புதிதாக ஒரு மேசை. பக்கத்தில் அறிவிப்பு: பைகள் சோதிக்கப்படும்; வெளி உணவுடன் பிடிபடுகிறவர்களுக்கு ஆறு மாதம் அனுமதி இல்லை. மேசைக்குப் பின்னால் கழுத்துப்பட்டை கட்டிய புது மேலாளர். பெயர் டாரில் பிக்னெல் என்று சட்டையில் எழுதியிருந்தது. ஹென்னிக்குப் பெயர் தேவைப்படவில்லை. பதினோரு கட்டி சீஸ். காரின் பின் இருக்கையில், தூங்குகிற குழந்தைக்கு அடியில். பன்னிரண்டு வருடத்துக்கு முன்பு, ஈஸ்டருக்கு முந்தைய சனிக்கிழமை, பாலத்தில் அவர் கையால் பிடித்தது.

"திரும்பிப் போயிடலாம்டி," என்றார் பாலின்.

"இப்ப திரும்பினா சந்தேகம் வரும்."

"எனக்கே என்மேல வந்திடுச்சு."

"ஏன் நிக்கிறோம்?" என்றார் இசபெல், கூடம் முழுவதும் கேட்கும்படி. "யாராவது செத்துட்டாங்களா?"

டாரில் நிமிர்ந்தார். அவருக்கும் பெயர் தேவைப்படவில்லை. முகம் மெல்ல மெல்ல மலர்ந்தது.

"வாங்க மேடம். ரொம்ப வருஷமாச்சு."

ஹென்னி கழிவறை எந்தப் பக்கம் என்று கேட்டார்.

"இடது பக்கம்," என்று அந்தப் பக்கம் திரும்பாமலே பதில் சொன்னார் டாரில். இரண்டு கையையும் மேசைமேல் ஊன்றினார். "சாப்பிடற சாமான் ஏதாவது கொண்டு வந்திருக்கீங்களா?"

பை சுத்தம். கோட்டைத் தொட அவருக்கு அதிகாரம் இல்லை. 'இல்லை' என்று ஒரு சொல் போதும், செவ்வாய் பிழைத்துக்கொள்ளும். பாலின் பின்னாலிருந்து, "சொல்லு, சொல்லிடு," என்று கிசுகிசுத்தார். எதைச் சொல்லச் சொன்னார் என்பதில் சந்தேகம் இல்லை. முப்பத்தோரு வருடம் அந்த 'இல்லை'யைக் கேட்டவர் ஹென்னி. அதைச் சொல்லும்போது மேலுதடு என்ன செய்யும், கண் எந்தக் கண்ணாடியைப் பார்க்கும், மனைவி ஏன் திடீரென்று குழந்தையின் தொப்பியைச் சரிசெய்வாள் எல்லாம் அவருக்கு மனப்பாடம். ஆனால் தன் வாயால் ஒருமுறைகூடச் சொல்லிப் பார்த்ததில்லை. வாயைத் திறந்தார். வரவில்லை.

"இருக்கு," என்றார்.

கோட்டின் பொத்தான்களை மேலிருந்து கீழே கழற்றினார். "சீஸ் சாண்ட்விச், ஆறு. உருளைக்கிழங்கு வறுவல், ஒரு பை. டீ, ஒரு குடுவை, சர்க்கரை போடாதது. மொத்தம் பத்து டாலர் பெறும்." ஒவ்வொன்றையும் முனை பிசகாமல் மேசையில் அடுக்கினார். பாலின் கண்களை மூடிக்கொண்டார்.

டாரிலின் மலர்ந்த முகம் மலர்ந்தபடியே நின்று, பிறகு எங்கே போவதென்று தெரியாமல் சுருங்கியது.

"சொல்லிட்டீங்களே," என்றார்.

"கேட்டீங்க."

"எல்லார்கிட்டயும்தான் கேட்டேன். காலையிலேர்ந்து நாப்பது பேர். ஒருத்தர் ஆமான்னு சொல்லல." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அன்னிக்கு என் சம்சாரம், ரெண்டு பிள்ளைங்க முன்னாடி என்ன சொன்னீங்க, ஞாபகம் இருக்கா? 'சொல்லியிருந்தா வரியோட போயிருக்கும் சார், மறைச்சதுக்குத்தான் அபராதம்'னு. பன்னெண்டு வருஷமா குளிக்கும்போதெல்லாம் அதுக்குப் பதில் சொல்லிப் பாத்துட்டிருக்கேன். போன வாரம் வாசல்ல உங்களைப் பாத்ததும், அதையே உங்ககிட்ட திருப்பிச் சொல்லலாம்னு இந்த மேசையவே போட்டேன் மேடம். இப்ப நான் எதைச் சொல்றது?"

அந்த நேரத்தில் சிவப்புத் தொப்பிக்காரர் ஒருவர் முதுகை வளைக்காமல் மேசையைக் கடந்து உள்ளே போனார். முழு பீட்ஸா, காளான் போட்டது, என்று ஹென்னியின் மூக்கு சொன்னது. அவரை யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

"அப்ப எனக்கு ஆறு மாசமா?" ஹென்னியின் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. விரல்கள் மட்டும் கோட்டின் ஒரே பொத்தானைப் போட்டுப் போட்டுக் கழற்றின.

டாரில் அறிவிப்பை ஒருமுறை படித்தார். அவரே எழுதியதுதான். "பிடிபட்டாத்தான் ஆறு மாசம். நீங்க எங்க பிடிபட்டீங்க?" பெருமூச்சு விட்டார். "ஆனா இதை உள்ள கொண்டு போக விட முடியாது."

"கையில கொண்டு போகக் கூடாது. வயித்துல கொண்டு போகலாமா?"

டாரில் மறுபடியும் அறிவிப்பைப் படித்தார். அதில் வயிறு பற்றி எதுவும் இல்லை.

சொன்ன நேரத்துக்குப் படம் தொடங்கும் வழக்கம் அங்கே கிடையாது. விளம்பரம், வரப்போகும் படங்கள், மறுபடி விளம்பரம் என்று இருபத்திரண்டு நிமிடம் ஓடும். அந்த இருபத்திரண்டு நிமிடத்தில் மூவரும் கூடத்துப் பெஞ்சில் அமர்ந்து சாப்பிட்டார்கள். எதிர்ச் சுவர்த் திரையில் ஒரு கார் மலைமேல் ஏறிக்கொண்டிருந்தது. "படம் நல்லாத்தான் ஆரம்பிச்சிருக்கு," என்றார் இசபெல்.

ஆறாவது சாண்ட்விச்சை ஹென்னி மேசைப் பக்கம் நீட்டினார். டாரில் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு வாங்கிக்கொண்டார்.

"என்ன சீஸ்?"

"கௌடா. போர்ட் ஹியூரன்ல வாங்கினது. ரசீது வீட்ல இருக்கு."

ஒரு கடி கடித்து மென்றார். "நான் கொண்டு வந்ததும் கௌடாதான்."

"தெரியும். உங்களுது இதைவிட உசத்தி. நல்லாப் பழுத்த சரக்கு. பறிமுதல்னு எழுதும்போதே எனக்கு மனசு கேக்கல."

டாரில் ரொட்டியின் ஓரத்தைக்கூட மிச்சம் வைக்காமல் தின்றார். பன்னிரண்டு வருடமாகக் குளியலறையில் தேடிக்கொண்டிருந்த பதில் அதில்தான் இருந்ததோ என்னவோ.

குடுவை காலி, துணிப்பை காலி. மூவரும் உள்ளே போனார்கள். பாலின் இசபெலைக் கைப்பிடித்து அரையிருட்டில் படியேற்றினார். பின்னால் ஏறிய ஹென்னி வாயைத் துடைக்கக் கைக்குட்டை தேடி, கோட்டின் வெளிப்பைக்குள் கை விட்டார். மூன்றாவது படியில் நின்றுவிட்டார். உள்ளே விளம்பரம் முடிந்து விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்துகொண்டிருந்தன.

"என்னடி?" என்றார் பாலின் மேலிருந்து.

ஹென்னி திரும்பிக் கீழே இறங்கி, கதவைத் தள்ளிக்கொண்டு கூடத்துக்கு வந்தார். டாரில் மேசையிலிருந்த ரொட்டித் துகளைக் கையால் தட்டிக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கம் நீண்டால் சப்புவதற்கென்று தன்னைப் போன்ற டச்சுத் தேவாலயத்துக்காரர்கள் பையில் போட்டு வைத்திருக்கும் வெள்ளைப் பெப்பர்மின்ட் ஒன்றை, பட்டியலில் சொல்லாமல் விட்டதை, ஹென்னி மேசையின் நடுவில் வைத்தார். ஒரு விரலால் டாரில் பக்கம் நகர்த்தினார். பிறகு கைகளைக் கட்டிக்கொண்டு, அவர் என்ன சொல்லப்போகிறார் என்று காத்து நின்றார்.