ஸாலிஹா அடித்த ஆணிகள்

திண்டிவனத்தில், மரக்காணம் ரோட்டு முக்கில் மரத்தாலேயே கட்டிய மளிகைக் கடை ஒன்று உண்டு. பஸ் போனால் ஆடும். வாழ வந்த நாளிலிருந்தே ஸாலிஹாவுக்கு அந்த ஆட்டம் ஆகாது. புருஷன் நிஜாமுதீன் குவைத்துக்குப் போனதும் கடை அவள் கைக்கு வந்தது. கூடவே ஒரு சுத்தியலும். தூண் முனகினால் ஒரு ஆணி, பலகை விரிந்தால் இன்னொன்று. ‘தானே’ புயலில் அக்கம்பக்கத்துக் கூரையெல்லாம் பறந்தும் கடை நின்றது. தன் ஆணிதான் காப்பாற்றியது என்று சொல்லி, மறுநாள் மேலும் ஒரு பிடி அடித்தாள். அப்படி ஒரு மனுஷி!

இந்த வருஷம் சாலையை அகலமாக்க அளந்தார்கள். கடை நிற்கிற இடம் முழுக்கப் போகிறது. பின்னால் கொஞ்சம் மனை மிஞ்சும். நஷ்டஈடு வருகிறபோது வரும். வெள்ளிக்கிழமை ஜேசிபி கட்டாயம் வரும். நிஜாமுதீனும் முட்டிவலியோடு ஊர் திரும்பிவிட்டான். கடை போனால் அடுப்பு எரியாது. ஸாலிஹாவுக்குச் சோறு இறங்கவில்லை.

மரத்தையாவது விற்றுக் கொடுக்கச் சொல்லித் தச்சர் ராஜாமணியைக் கூப்பிட்டாள். அவர் தூணும் உத்தரமும் சேருகிற இடத்தைத் தடவிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். ஸாலிஹாவின் மாமனார் அமீர் பாட்சா இதைக் கட்டியபோது மனை வாடகைக்கு இருந்தது. மனைக்காரன் என்றைக்குக் காலிபண்ணச் சொல்வானோ என்று, ஆணியே இல்லாமல் மர ஆப்பு வைத்துப் பூட்டியிருந்தார். ஆப்பைத் தட்டினால் கழன்று வரும். வேறு இடத்தில் மாட்டிக்கொள்ளலாம். பிற்பாடு மனையையே வாங்கிவிட்டதில் எல்லோருக்கும் அது மறந்துபோனது.

“கழட்டறதுக்குன்னே இளக்கமா வுட்டு வெச்சிருக்காருங்க, அதான் ஆடுது. நீங்கதான் ஆணியா அடிச்சிக்கினு இருந்திருக்கீங்க,” என்றார் ராஜாமணி.

“இப்ப கழட்ட வருமா, வராதா? அத்தச் சொல்லுங்கண்ணே.”

“ஆணியெல்லாம் வந்தா வரும்.”

சரக்கை வீட்டுக்கு அனுப்பிவிட்டுக் குறடோடு உட்கார்ந்தாள். துருவேறிய ஒவ்வொரு ஆணிக்கும் ஒரு திட்டு, திட்டெல்லாம் தனக்குத்தான். உள்ளங்கை கொப்புளித்தது. முக்குத் தூண் மட்டும் நெடுக வெடித்துப்போனது. அதில்தான் அதிகம் அடித்திருந்தாள். அழுதேவிட்டாள். ராஜாமணி வேறு தூண் இழைத்தார். வெள்ளிக்கிழமை ஜேசிபி வந்தபோது முக்கில் வெறும் தரை கிடந்தது.

கடை இப்போது பின்மனையில் நிற்கிறது. திறந்த அன்றைக்கே, முதல் பஸ் போனதும் ஆடியது. ஸாலிஹாவின் கை தன்னால் கல்லாவுக்கு அடியில் போய்த் துழாவியது. சுத்தியலை ராஜாமணியிடமே கொடுத்தனுப்பியது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது.

“ஆடு, ஆடு. நல்லா ஆடு,” என்று கடையைப் பார்த்துச் சொல்லிவிட்டு, வேர்க்கடலை கேட்டு வந்தவருக்கு மல்லாட்டை நிறுத்தாள்.